நாலு விரல் அழகரின் கேஸ்

அழகரை எனக்குத் தெரியும் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அவருடைய மண்ணீரலைத்தான் எனக்கு முதலில் தெரியும். ஆளைத் தெரிந்தது பிறகு. அந்த நாட்களில் கொழும்பில் டொக்டருக்குப் படித்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், உண்மை பேசும் பழக்கம் அவர்களுக்கு இருந்தால்.

மண்ணீரல் என்பது இடப்பக்க விலாவுக்குள் ஒளிந்து கிடக்கும் ஒரு சாமான். சுகமான மனிதனுக்கு அது கைக்குப் படாது. மலேரியாக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தவனுக்கு வீங்கி விலாவுக்குக் கீழே இறங்கிவிடும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை விரலை வைத்துத்தான் சொல்வோம்: ஒரு விரல், இரண்டு விரல். அழகருக்கு நாலு விரல். விளிம்பு பலகை மாதிரி இருக்கும். விளிம்பில் ஒரு வெட்டு உண்டு. மண்ணீரல்தான் என்பதற்கு அந்த வெட்டுத்தான் சாட்சி. எங்கள் புத்தகத்தில் படம் போட்டவன் அழகரைப் படுக்கவைத்துத்தான் போட்டிருக்கவேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு கடைசியில் பெருங்காய்ச்சல் பரவியபோது அழகர் குருநாகல் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த லயத்து அறைகளில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். அழகர் போகவில்லை. காய்ச்சல் ஏழெட்டுத் தடவை வந்து பார்த்துவிட்டு, இவனோடு மல்லுக்கட்ட முடியாது என்று மண்ணீரலை மட்டும் வீங்கவைத்துவிட்டுப் போனது. அவரும் மனைவி பாக்கியலெட்சுமியும் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து அறையில் குடியேறினார்கள். தோட்டம் என்பது பெயர்தான், மரம் கிடையாது, நெருக்கியடித்த அறை வரிசை. பக்கத்து அரிசிக் கிட்டங்கியில் கிழிந்த சாக்குத் தைக்கும் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. வயிறு பாட்டுக்கு மடியில் இருக்கும்.

ஒருநாள் சாக்கூசி விரலில் ஏறிவிட்டது. அழகர் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவேண்டாம். அங்கே எனக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கிருந்த டொக்டர் தற்செயலாக வயிற்றில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மாணவர்களைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் முப்பது பேர் அழகரின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டார்கள். ஊசி ஏறின விரலை ஒருவரும் பார்க்கவில்லை. அது தானாகவே ஆறிப்போயிற்று.

அந்த வருஷத்திலிருந்து அழகர் பரீட்சைக் கேஸ் ஆனார். கடைசிப் பரீட்சையில் மாணவன் ஒருவன் நோயாளி ஒருவரைத் தொட்டுப் பார்த்து, இன்ன வருத்தம் என்று பரீட்சகரிடம் சொல்லவேண்டும். அதற்கென்று நல்ல நோய் உள்ளவர்களாகப் பொறுக்கி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள். நல்ல நோய் என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். டொக்டர்மாரின் பாஷை அப்படி. அழகருக்கு அது கலியாண வீட்டு அழைப்பு மாதிரி. முதல்நாளே முகச்சவரம் செய்துகொள்வார். வெள்ளைச் சட்டை வெளுத்து வரும். போய்ச் சேர்ந்ததும் அந்தச் சட்டையைத்தான் முதலில் கழற்றச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் போட்டுக்கொண்டுதான் போவார். ஜன்னலோரக் கட்டில், ஒரு முட்டை, ஒரு கிளாஸ் பால். பெரிய டொக்டர்மார் "குட் மோர்னிங், அழகர்" என்பார்கள். கிட்டங்கியில் அவருக்கு அப்படி யார் சொல்வார்கள்?

தோட்டத்துச் சனங்களுக்கு மட்டும் இது விளங்கவில்லை. பக்கத்து அறை அங்கம்மா ஒருநாள் பாக்கியலெட்சுமியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி பாக்கியம், ஒன் வீட்டுக்காரரு மேல என்னடி கேஸு? வருசா வருசம் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுப் போறாரே. அடிதடியா?"

"வயித்துக் கேஸு அக்கா."

"வயித்துல கத்தியா?"

பாக்கியலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். அழகர் திருத்தப் போகவில்லை. பெரிய கோட்டில் வருஷக்கணக்காகக் கேஸ் நடக்கிற மனிதன் என்பதில் ஒரு மதிப்பு இருக்கத்தானே செய்கிறது.

பரீட்சை நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் படையெடுப்போம். நான், அதாவது சிவபாதசுந்தரம், அப்போது வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இருந்தேன். ரயிலில் கோட்டைக்கு வந்து, ட்ராமில் தொற்றி, மிச்சத்தை நடந்து போய்ச் சேருவோம். அழகர் பாயை விரித்துப் படுத்துவிடுவார். ஒவ்வொருவராகக் கை வைப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டே பாடம் நடத்துவார்.

"மேலேருந்து வராதீங்க டாக்டரய்யா. கீழேருந்து மெதுவா ஏறி வாங்க. இப்ப மூச்சு இழுக்கட்டா? இந்தா இழுக்கிறேன். தட்டுப்பட்டுச்சா? நொச்சை மறந்துட்டீங்களே! போன வருசம் ஒரு அய்யா நொச்சைச் சொல்லாமத்தான் போனாரு."

நொச்சு என்றது அந்த வெட்டைத்தான். ஆங்கிலத்தில் அதற்குள்ள சொல்லை அவர் தன் பல்லுக்கு ஏற்றபடி செதுக்கி வைத்திருந்தார்.

இதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றும் அவர் செய்தார். பரீட்சை நாளில் படுக்கை விரிப்பின் ஓரத்தில், பரீட்சகர் கண்ணுக்குப் படாத பக்கமாக, தன் வலது கையின் நாலு விரலை நீட்டி வைத்துக்கொள்வார். மறந்துபோனவன் குனிந்து பார்த்தால் போதும். அதனால்தான் அவருக்கு 'நாலு விரல் அழகர்' என்று பெயர் வந்தது. நாங்கள் எல்லோரும் அந்த விரலை நம்பிப் படித்த கூட்டம். மலேரியாவைப் பற்றி அறுபது பக்கம் இருந்தது. நான் ஆறு பக்கம் படித்தேன்.

எங்களுக்குள் ஒருவன்தான் வேறு மாதிரி. புதுக்கடை மர்ஸூக். தகப்பனுக்கு இரும்புச் சாமான் கடை. இவனுக்கு மனப்பாடம் என்பது அறவே வராது. முன்னால் இரண்டு தடவை பெயில். முதல் தடவை பரீட்சகர் ஒரு நோயாளியைக் காட்டி, "இவரைப் பார்த்ததும் உமக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டிருக்கிறார். இவன், "இவருக்குப் பசிக்கிறது, சேர்" என்றானாம். அந்த மனிதருக்கு உண்மையிலேயே காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் புள்ளி இல்லை. இரண்டாம் தடவை வாயே திறக்கவில்லை. மூன்றாவதும் போனால் இரும்புக் கடைதான் என்று கல்லூரி விதி.

அழகரின் வீட்டிலும் இவன் ஒரு தொல்லை. கை வைக்குமுன் பாக்கியலெட்சுமி தரும் பிளேன்டீக் கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"குடிங்க டாக்டர் நானா, ஆறிடும்," என்பார் அழகர்.

"குடிக்க இல்ல அண்ணே. கை கூதலா ஈக்கி. ஒங்களுக்குச் சில்லுன்னு படும்."

நாங்கள் சிரிப்போம். கூதல் கையோ சூட்டுக் கையோ, நாலு விரல் நாலு விரல்தானே.

இந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி என்ற சனியன் வந்தது. கிளெமென்ற் என்பவர் எங்களுக்கு மூன்று வருஷம் முந்திப் படித்து முடித்த கொட்டாஞ்சேனைக்காரர். வார்ட்டில் புது டொக்டர். புது டொக்டரின் பிழைப்பு உங்களுக்குத் தெரியாது. நித்திரை கிடையாது, சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது, பெரிய டொக்டரின் நாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் இவர்தான் ஓடவேண்டும். அதற்கு நடுவில் இவருக்கு ஓர் ஆசை. புதிதாக வந்திருந்த ஒரு மஞ்சள் குளிசை பழைய மலேரியா மண்ணீரலைச் சுருக்குமா என்று பார்க்கவேண்டும். பெரிய டொக்டர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: கட்டுரை வந்தால் முதல் பெயர் தன்னுடையது, பிழை வந்தால் முழுப் பெயரும் கிளெமென்றுடையது.

பன்னிரண்டு பேரைப் பிடித்தார். அதில் அழகர் ஒருவர். ஆறு வியாழக்கிழமை அளந்து கோடு கீறினார். ஏழாம் வியாழன் அவருக்கு அம்பாந்தோட்டைக்கு மாற்றம் என்று தந்தி வந்தது. ஆராய்ச்சி நடக்கிறதே என்றார். ஆராய்ச்சிக்கு மாற்றம் வரவில்லை, உமக்குத்தான் வந்திருக்கிறது என்றார்கள். பாவம், கோடு கீறின தாளை வார்ட் அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போனார். கரப்பான் பூச்சி படித்து முடித்தது. போகிற வழியில் ஒரு டின் குளிசையைப் பாக்கியலெட்சுமியிடம் கொடுத்து, "ஒவ்வொரு நாளும் ஒண்டு, தவறாமல் குடுங்கோ. நிப்பாட்டக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியலெட்சுமி அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். அழகருக்கோ வேறு கவலை. சுருங்கினால்? சுருங்கினால் ஜன்னலோரக் கட்டில் யாருக்கு? யாழ்ப்பாணத்தானும் சிங்களவனும் பறங்கியும் தேடி வந்து அவர் பாயைச் சுற்றி முழங்காலில் நிற்கிறார்களே, அவர்கள் நாளைக்கு எங்கே போவார்கள்?

"கட்டி கரைஞ்சிட்டா நான் யாருடி?" என்று கேட்டார் அழகர்.

"எம் புருசன்," என்றாள் பாக்கியலெட்சுமி. "இதக் கேக்க ஒரு கட்டி வேணுமா? வாயத் தொறங்க."

வாயைத் திறப்பார். குளிசையை நாக்குக்குக் கீழே ஒதுக்கி வெளியே போய், அங்கம்மாவின் ஆட்டுக்குப் பலா இலையில் சுருட்டிக் கொடுப்பார். ஆடு இலையைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பியது. அவ்வளவு கைப்பு. ஒரு கிழமைக் குளிசை ஆட்டுக் கொட்டிலில் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்ததை அங்கம்மா பொறுக்கிக்கொண்டுவந்து, "இது என்னடி, கேஸுக்கு ஆதாரமா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு பாக்கியலெட்சுமி வாக்குவாதம் செய்யவில்லை. குளிசையை அம்மியில் பொடித்துப் புட்டில் கலந்தாள். மேலே கருப்பட்டியைத் தாராளமாகத் தூவினாள்.

"புட்டு ஏண்டி மஞ்சளா இருக்கு?"

"மஞ்சத்தூள் போட்டேன். ஒடம்புக்கு நல்லது."

"கைக்குதேடி."

"ஒங்க நாக்குல கைப்பு. ஆட்டுக் கொட்டிலு பக்கம் போயி போயி."

மூன்று மாதத்தில் அழகரின் தோல் மஞ்சளடித்தது. அந்தக் குளிசையின் குணம் அது. நாங்கள் ஒருநாள் அவரைத் தெருவில் கண்டு துள்ளிக் குதித்தோம்: அழகருக்குக் காமாலையும் சேர்ந்துவிட்டது, ஒரே கட்டிலில் இரண்டு கேஸ்! ஒருவனாவது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டானா என்றால் இல்லை. நானும் கேட்கவில்லை. ஓடிப்போய்க் காமாலை பற்றி ஆறு பக்கம் படித்தேன்.

மண்ணீரலோ கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிட்டது. நாலு விரல் மூன்றாகி, ஒன்றாகி, பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் காணாமலே போயிற்று. அழகர் விடிந்ததும் எழும்பித் தன் வயிற்றைத் தானே தடவிப் பார்ப்பாராம். மூச்சை இழுத்துப் பார்ப்பாராம். குப்புறப் படுத்தும் பார்த்தாராம். மூன்று வருஷம் சோறு போட்டு வளர்த்த பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போன மாதிரி இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். உடம்பு லேசாக இருந்தது, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, சாக்கும் முன்னைவிட இரண்டு மடங்கு தைத்தார். இவ்வளவு சுகத்தையும் வைத்துக்கொண்டு மனிதர் அழுதிருக்கிறார்.

எங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், ஆஸ்பத்திரிக்குப் போனால் அழைப்பு வராது. ஞாயிற்றுக்கிழமை போன எங்களை வாசலிலேயே மறித்தார்.

"இந்த மாசம் கை வைக்கக் கூடாதுங்க டாக்டரய்யா. கட்டிக்கு ரெஸ்ட்டு. பரீட்சைக்கு முந்தி கசக்கினா வாடிப் போயிரும்."

நாங்கள் அதையும் நம்பினோம். ஐந்து வருஷம் வைத்தியம் படித்தவர்கள், கட்டி வாடும் என்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டு திரும்பினோம்.

ஆஸ்பத்திரியாவது கண்டுபிடித்திருக்கவேண்டாமா? கிளார்க் போன வருஷப் பட்டியலைப் பார்த்து இந்த வருஷப் பட்டியலை டைப் அடித்தார். கிளெமென்றின் இடத்துக்கு வந்த புது டொக்டர் இரண்டு நாள் நித்திரை இல்லாமல் நின்றபடியே அதில் கையெழுத்து வைத்தார். அழகருக்கு அழைப்பு வந்துவிட்டது.

பரீட்சை நாள் காலை, ஒரு புது வெள்ளைக்காரப் பரீட்சகர். அண்மையில்தான் கப்பலில் வந்து இறங்கியவர். மெலிந்த, வாய் பேசாத மனிதர். மற்ற பரீட்சகர்கள் நோயை எழுதிக் கட்டிலில் தொங்கவிட்ட அட்டையை மட்டும் வாசிப்பார்கள். இவர் மாணவர்கள் வருமுன் தானே நோயாளியைத் தொட்டுப் பார்த்தார். துரை கீழேயிருந்து ஏறி வந்தார். மூச்சு இழுக்கச் சொன்னார். இன்னொரு முறை இழுக்கச் சொன்னார். அட்டையைப் பார்த்தார், அழகரைப் பார்த்தார். மீசைக்குள் என்னவோ அசைந்தது. "குட்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அழகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'அட, இவரும் நம்ம டாக்டரய்யாக்கள் மாதிரித்தான், ஒண்ணும் தெரியாமலே குட்டுங்கிறாரு' என்று நினைத்துக்கொண்டாராம். பாலைக் குடித்தார். விரிப்பின் ஓரத்தில் நாலு விரலை நீட்டி வைத்தார்.

அந்தக் கட்டிலுக்கு எங்களில் பன்னிரண்டு பேர். முதலாமவன் போய் நாலு விரல் என்றான். இரண்டாமவன் நாலு விரல், கல் மாதிரி என்றான். மூன்றாமவன் கெட்டிக்காரன், தொட்டால் நோகிறது என்றும் சேர்த்துச் சொன்னான். அழகர் அவனுக்கு ஒத்தாசையாக "ஆ!" என்று முனகிக் கொடுத்தார்.

ஐந்தாவது நான். பெரிய கைகாரன் மாதிரி வயிற்றில் கையை வைத்து, புருவத்தைச் சுருக்கி, கூரையைப் பார்த்து யோசித்தேன். பிறகு கண்ணைக் கீழே இறக்கி விரிப்பின் ஓரத்தைப் பார்த்தேன். ஊசி குத்தின தழும்போடு நாலு கறுத்த விரல்.

"நாலு விரல், சேர்."

"வெட்டு தெரிகிறதா?" என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரிகிறது, சேர்."

"தெளிவாக?"

"மிகவும் தெளிவாக, சேர்."

"அதிசயம்," என்றார் துரை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, வெளியே வந்து வராந்தாவில் கோட்டுப் பட்டனைக் கழற்றிவிட்டு விசிலடித்தேன். இன்றைக்கும் அந்த விசிலை நினைத்தால் காது சுடுகிறது.

கடைசியாக மர்ஸூக் போனான். கதவு இடுக்கால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேன்டீ இல்லாததால் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கினான். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மர்ஸூக் கீழேயிருந்து ஏறி வந்தான். விலா வரைக்கும் வந்துவிட்டான். திரும்பவும் கீழே போனான். அழகர் விரலை நீட்டினார். இவன் பார்க்கவில்லை. அழகர் செருமினார். இவன் பார்க்கவில்லை. விரிப்புக்குக் கீழால் இவனுடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். இவன் அதை விடுவித்துக்கொண்டு மூன்றாம் முறையும் கீழேயிருந்து தொடங்கினான். முகம் வேர்த்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் எரிச்சல். மடையா, குனிந்து விரலைப் பாரடா, இரும்புக் கடைதான் உனக்கு!

பிறகு கை நின்றது. மர்ஸூக் அழகரின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தான். அவனுடைய முகம் அப்படியே விரிந்துபோயிற்று. பரீட்சை என்பதையே மறந்துவிட்டான்.

"அழகரண்ணே, காணல்லயே! ஒங்களுக்கு சொகமாகிட்டா?"

மூன்று வருஷத்தில் எத்தனை கை அந்த வயிற்றில் ஏறி இறங்கியிருக்கும்! எல்லாக் கையும் மண்ணீரலைத் தேடி வந்தவை. சுகமா என்று கேட்டு ஒரு வாய் வரவில்லை. அழகருக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டில், முட்டை, பால், குட் மோர்னிங் எல்லாம் ஒரு கணம் அவர் கண்முன் வந்து போயிருக்கவேண்டும். ஏனென்றால் அந்த விரல்கள் ஒரேயடியாக மடங்கவில்லை. சுண்டுவிரல் முதலில் மடங்கியது. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. கடைசி விரல் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு அதுவும் மடங்கியது.

"சொகமாயிருச்சு தம்பி," என்றார், வார்ட் முழுக்கக் கேட்கும்படி.

"நோயாளி என்ன சொல்கிறார்?" என்றார் துரை.

மர்ஸூக்குக்கு அப்போதுதான் தான் நிற்கிற இடம் நினைவு வந்தது. நிமிர்ந்தான். "தனக்குச் சுகமாகிவிட்டது என்கிறார், சேர். எனக்கும் மண்ணீரல் கைக்குப் படவில்லை."

"அட்டையில் நாலு விரல் என்று எழுதியிருக்கிறது. உமக்கு முன்னால் வந்த பதினொரு பேரும் நாலு விரல் என்றார்கள்."

மர்ஸூக் திரும்பவும் ஒரு தடவை குனிந்து, அழகரை மூச்சு இழுக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்தான். "இல்லை, சேர்," என்றான். "இருந்தால் நான் சொல்லமாட்டேனா?"

துரை எழும்பி அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினொரு பேர் அந்தக் கட்டிலில் விழுந்தோம். மர்ஸூக் ஒருவன் ஏறினான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டை பிடிக்கவென்றே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அழகர் வாசலில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புட்டு வெள்ளையாக இருந்தது.

"என்ன வேலை பாத்தனீர், அழகர்? இல்லாத மண்ணீரலுக்கு எனக்கு நாலு விரல் காட்டினீரே!"

"காட்டினேங்க. அதத்தானே தேடினீங்க?"

"நான் வயித்தில கை வைச்சுப் பாத்தனான்!"

"வச்சீங்க டாக்டரய்யா. வச்ச கையி அங்கேயே கெடந்துச்சு. கண்ணு எங்க கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

பாக்கியலெட்சுமி உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. நான் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, கொடுத்த புட்டைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய? மனிதர் தன் கவலையில் இருந்தார்.

"எல்லாம் போச்சுங்க," என்றார். "அங்கம்மா அக்கா கேஸு என்னாச்சுன்னு கேட்டுச்சு. தள்ளுபடின்னு சொல்லிட்டேன். தோட்டமே வந்து கைகொடுத்துட்டுப் போவுது. தேங்காய் வேற ஒடச்சாங்க. எனக்குத்தான் துக்கம்."

துக்கம் ஒரு மாதம் இருந்தது. பிறகு கடிதம் வந்தது. வாசித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார். அந்தத் துரை எழுதவைத்த கடிதம்: ஆறு மாதத்தில் நடக்கும் மறு பரீட்சைக்கு அழகர் அவசியம் வரவேண்டும்.

"எதுக்குங்க? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே!"

"ஒண்டும் இல்லாத ஆளும் ஒரு கேஸ்தானாம். ஒண்டும் இல்லை எண்டு சொல்லத் தெரியாதவன் டொக்டர் ஆகக்கூடாது எண்டு துரை சொல்லிப்போட்டாராம்."

அழகர் எழும்பிப் போய் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார். பாக்கியலெட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கம்மா மதிலுக்கு மேலால் எட்டி, "அப்பீலா?" என்று கேட்டாள்.

மறு பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கையில் அழகர் ஒரு கலியாணத்துக்குக் குருநாகலுக்குப் போனார். திரும்பி வந்ததும் காய்ச்சலாம் என்று கதை அடிபட்டது. ஒருவன் மண்ணீரல் திரும்பவும் இறங்கிவிட்டது என்றான். இன்னொருவன் சத்தியம் செய்து இரண்டு விரல் என்றான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. போய்க் கேட்போம் என்று கொட்டாஞ்சேனைக்குப் போனால், "பரீட்சைக் கேஸுங்க, இப்ப ஒண்ணும் பேசக்கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டார். அந்த இரண்டு கிழமையில் மலேரியாவின் அறுபது பக்கத்தையும் நான் படித்தேன்.

பரீட்சை நாள். அதே ஜன்னலோரக் கட்டில். அதே துரை. அழகர் மழித்த முகத்தோடு மாப்பிள்ளை மாதிரிப் படுத்திருந்தார். நான் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு கிட்டப் போனேன். விரிப்பின் ஓரத்தைப் பார்ப்பதில்லை என்று வெள்ளவத்தைப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டு வந்திருந்தேன். பார்த்துவிட்டேன். நாலு விரல்! நீட்டி, ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார் படுபாவி.

உண்மையாக இருக்குமோ? காய்ச்சல் வந்திருக்கிறதே? மனிதர் என்னைக் காப்பாற்றுகிறாரா, கவிழ்க்கிறாரா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கீழேயிருந்து மெதுவாக ஏறி வந்தேன். மூச்சு இழுக்கச் சொன்னேன். அந்த வயிறு சூடாக இருந்தது, மூச்சோடு எழும்பி இறங்கியது. ஒரு பக்கத்தில் எப்போதோ காயம் பட்ட ஒரு தழும்பு. எத்தனையோ தடவை கை வைத்திருக்கிறேன்; இந்தத் தழும்பை நான் கண்டதே இல்லை. விலா வரைக்கும் போனேன். இன்னொரு முறை போனேன்.

"ஒன்றும் இல்லை, சேர்," என்றேன்.

துரை எழுதிக்கொண்டார். மீசைக்குள் என்னவோ அசைந்தது. போகலாம் என்று தலையாட்டினார்.

போகவில்லை. குனிந்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். "அழகர், காய்ச்சல் எண்டு சொன்னாங்கள். இப்ப சுகமே?"

அழகர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"சொகந்தாங்க டாக்டரய்யா. காச்சலெல்லாம் இல்ல, கலியாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல." பிறகு நாலு விரலையும் மடக்கி விரிப்புக்குள் இழுத்துக்கொண்டார். "கையி மரத்துப் போச்சுன்னு சும்மா நீட்டி வச்சேன். நீங்க போங்க, அடுத்த அய்யா வர்றாரு, நான் வெரல நீட்டணும்."